மானிப்பாய் மருத்துவப் பாடம் – ஒரு திறனாய்வு

ஜொகூர் மாநிலத்தின் செனாய் வட்டாரம் இன்று விமான நிலையத்தாலும் தொழிற்சாலைகளாலும் அறியப்படுகின்றது. 1974ஆம் ஆண்டில் அவ்விமான நிலையம் திறக்கப்பெறுவதற்கு முன்னர், அப்பகுதித் தமிழரின் வாழ்வு பெரிதும் ரப்பர், செம்பனைத் தோட்டங்களைச் சுற்றியே அமைந்திருந்தது. தோட்டத்து நோயாளியை முதலில் பார்த்தவர் பட்டம் பெற்ற மருத்துவர் அல்லர். தோட்ட மக்கள் 'டிரசர்' என்று அழைத்த மருத்துவ உதவியாளரே ஆவார். மருத்துவர் குறித்த நாளில் வந்து போவார். டிரசரோ தோட்டத்திலேயே இருப்பார். அவர் கற்றது சிறிது. எனினும், பால்மரம் சீவும் பெண் "நெஞ்சு கரிக்குது" என்று சொன்னால் அது நெஞ்சு வலிப்பதினின்றும் வேறானது என்று அறியும் அளவிற்கு அவருள் பலர் நோயாளியின் மொழியை அறிந்திருந்தனர்.

இன்று நிலைமை தலைகீழாக மாறியுள்ளது. செனாய்க்கு அணித்தேயுள்ள இஸ்கந்தர் புத்திரியில் பிரிட்டனின் நியூகாசல் பல்கலைக்கழகம் 2011ஆம் ஆண்டு முதல் மருத்துவ வளாகம் ஒன்றை நடத்திவருகின்றது. கற்ற மருத்துவருக்குக் குறைவில்லை. ஆயினும், சிகிச்சை அறையில் மூதாட்டியின் நோய், பள்ளிக்கூடம் போகும் பேரப்பிள்ளையின் வாய்வழியாகவே மருத்துவரைச் சென்றடைவது இந்நாட்டில் அரிய காட்சியன்று. குத்தல், குடைச்சல், உளைச்சல், கடுப்பு, எரிவு, இழுப்பு, மரத்துப்போதல் என மூதாட்டி வகைப்படுத்திச் சொல்லும் துன்பங்கள் யாவும் அப்பிள்ளையின் வாயில் 'சாக்கிட்' என்னும் ஒரே சொல்லாகச் சுருங்கிவிடுகின்றன. இது மலாய் மொழியின் குறையன்று. பெடே, ஙிலு, லெங்ஙோ என நோவின் வகைகளைப் பகுத்துக் கூற அம்மொழியிலும் சொற்கள் உள. இரு மொழியையும் அரைகுறையாகக் கற்ற பிள்ளையின் நாவிலேதான் குறை நேர்கின்றது.

மருத்துவக் கல்வியைக் காலத்திற்கேற்பப் புதுப்பித்தல் என்றால் என்ன என்னும் வினா இங்கேதான் பிறக்கின்றது. பழைய நூலை நீக்கிப் புதிய நூலை வைப்பது மட்டுமே புதுமையாகுமா? கற்றவரின் அறிவு நோயாளியைச் சென்றடையும் வழியையும் பாடத்திட்டம் வகுக்க வேண்டுமா? தமிழுலகில் இவ்வினாவைச் செயலளவில் எழுப்பியவர் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் பணியாற்றிய அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் ஆவார். அவர் வகுத்த பாடத்தைப் போற்றுதல் எளிது; பலரும் போற்றியுள்ளனர். ஈழத்துக் கவிஞர் அம்பி 'கிறீனின் அடிச்சுவடு' என்னும் நூலின் வழி அவரைத் தமிழருக்கு மீண்டும் அறிமுகப்படுத்தினார். போற்றியதன் பின்னர் மதிப்பிடுதல் திறனாய்வின் கடமையாகும். அப்பாடம் எதில் வென்றது, எதில் தோற்றது என்பதைக் காண்பது இன்றைய தமிழாசிரியர்க்கும் மாணவர்க்கும் பயன் தரும்.

மானிப்பாயில் நிகழ்ந்த மாற்றம்

கிறீன் 1822இல் அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் மாநிலத்து ஊஸ்டரில் பிறந்தார். நியூயார்க்கில் மருத்துவம் பயின்று 1845இல் பட்டம் பெற்றார். அமெரிக்க இலங்கை மிஷனின் மருத்துவராக 1847இல் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். அவருக்கு முன்னரே அம்மிஷனின் சார்பில் ஜான் ஸ்கடர் 1819 முதல் அந்நாட்டில் மருத்துவப் பணி செய்திருந்தார். எனினும், மானிப்பாயில் மருத்துவமனையோடு மருத்துவ வகுப்பையும் இணைத்து, 1848 முதல் முறையாக நடத்திய பெருமை கிறீனுக்கே உரியது.

தொடக்கத்தில் அவ்வகுப்பு ஆங்கிலத்திலேயே நடைபெற்றது. வட்டுக்கோட்டைச் செமினரி போன்ற நிலையங்களில் ஆங்கிலம் கற்ற இளைஞர் அதற்கு வந்தனர். கற்று முடித்தவர் பலர் அரசாங்க ஊதியத்தை நாடி வெளியே சென்றனர். கிராமத்து நோயாளி முன்போலவே மருத்துவரின்றி இருந்தார். 1855இல் வட்டுக்கோட்டைச் செமினரி மூடப்பட்டது. மிஷனும் தாய்மொழிக் கல்வியின் பக்கம் சாய்ந்தது. 1857இல் தாயகம் சென்ற கிறீன் 1862இல் திரும்பி வந்தார். 1864 முதல் மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பிக்கத் தலைப்பட்டார். 1873இல் அவர் யாழ்ப்பாணத்தை விட்டு நீங்கும்வரை அவரிடம் பயின்று வெளியேறியவர் அறுபதுக்கு மேற்பட்டோர். அவருள் பெரும்பகுதியினர் தமிழில் கற்றவராவர்.

பாடத்தைத் தமிழாக்குதல் என்பது ஆசிரியர் வாயால் தமிழ் பேசுதல் மட்டுமன்று. மாணவன் இரவில் விளக்கேற்றிப் படிப்பதற்கு நூல் வேண்டும். இதனை உணர்ந்த கிறீன், அக்காலத்து அமெரிக்க, ஆங்கிலேய மாணவர் பயின்ற நூல்களையே தேர்ந்தெடுத்துத் தம் மாணவரின் துணையோடு மொழிபெயர்த்தார். கற்றர் எழுதிய உடலமைப்பு, நலவியல் நூலில் தொடங்கிய அம்முயற்சி, மோன்செல் எழுதிய மகப்பேற்று நூலைப் 'பிரசவ வைத்தியம்' என்றும், துருவிட்டின் அறுவை நூலை 'இரண வைத்தியம்' என்றும், கிறேயின் உடற்கூற்று நூலை 'மனுஷ அங்காதிபாதம்' என்றும், ஊப்பரின் மருத்துவக் கைந்நூலை 'வைத்தியாகரம்' என்றும், வெல்சின் வேதியியல் நூலைக் 'கெமிஸ்தம்' என்றும், டால்டனின் உடலியல் நூலை 'மனுஷ சுகரணம்' என்றும் தமிழாக்கியது. இவை நான்காயிரம் பக்கங்களைக் கடந்தவை. தாயகம் திரும்பிய பின்னரும், 1884இல் உயிர் நீங்கும்வரை, இப்பணியை அவர் கைவிடவில்லை.

இதில் ஊன்றி நோக்கத்தக்கது ஒன்றுண்டு. கிறேயின் உடற்கூற்று நூல் இலண்டனில் முதன்முதல் வெளிவந்தது 1858இல். அதன் தமிழாக்கம் 1872இல் வெளிவந்துவிட்டது. இடைவெளி பதினான்கே ஆண்டுகள். கிராமத்து மருத்துவருக்கு எளிய கைந்நூல் போதும் என்று கிறீன் எண்ணவில்லை. உலகில் எவரும் பயிலும் நூலையே தமிழ் மாணவனும் பயில வேண்டும் என்பது அவர்தம் கொள்கை. தமிழில் கற்பித்தால் தரம் தாழும் என்போர்க்கு அந்நூல்களின் தேர்வே முதல் மறுப்பாகும்.

நூற்பெயர்கள் காட்டும் நெறி

கிறீனின் சொல்லாக்க நெறியை அறிய நூற்பெயர்களே போதிய சான்று. அவற்றுள் மூவகைப் போக்குகளைக் காணலாம்.

முதலாவது, மக்கள் வழக்கிலிருந்து எடுத்தவை. 'பிரசவம்', 'இரணம்' ஆகிய இரண்டும் வடமொழிப் பிறப்பினவாயினும் ஊரார் நாவில் பழகியவை. 'இரண வைத்தியம்' என்ற மாத்திரத்தில் புண்ணும் வெட்டுக்காயமும் ஆற்றும் கலை என்பது படியாதவர்க்கும் விளங்கும். இச்சொல்லாட்சியில் மாணவனும் நோயாளியும் ஒரே சொல்லில் சந்திக்கின்றனர்.

இரண்டாவது, பழைய மருத்துவ, இலக்கிய மரபைத் தழுவியவை. 'அங்காதிபாதம்' என்னும் பெயர், பாதாதிகேசம், கேசாதிபாதம் என உறுப்புகளை வரிசையாகப் பாடும் சிற்றிலக்கிய மரபை நினைவூட்டுவது. 'வைத்தியாகரம்' என்பதன்கண் ஆகரம் என்பது சுரங்கம். மருத்துவச் செல்வம் தோண்டத் தோண்டக் கிடைக்கும் இடம் என்பது பொருள். இந்திய மருந்துப் பொருள்களைக் கூறும் நூலுக்கு அவர் இட்ட 'இந்து பதார்த்த சாரம்' என்னும் பெயரும், பதார்த்த குணம் பேசும் நாட்டு மருத்துவ ஏடுகளை வாசித்தவனுக்கு அயலாகத் தோன்றாது. மேனாட்டு அறிவு தமிழ் மாணவனுக்கு வேற்றுநாட்டுப் பண்டமாகத் தெரியாமல், தன் வீட்டுப் பரணில் இருந்த ஏட்டின் தொடர்ச்சியாகத் தெரிய வேண்டும் என்னும் நோக்கம் இதனுள் இருக்கின்றது.

மூன்றாவது, பிறமொழிச் சொல்லையே தமிழ் ஈறு புணர்த்து ஏற்றுக்கொண்டது. 'கெமிஸ்தம்' அத்தகையது. பிற்காலத் தூய தமிழ் உணர்வு இச்சொல்லைக் கண்டு நகைத்ததுண்டு. எனினும், 'இரசாயனம்' என்ற சொல் அன்று ரசவாதத்தையும் காயகல்பத்தையும் நினைவூட்டியது. அச்சொல்லைப் பயன்படுத்தினால் புதிய அறிவியல் பழைய மறைபொருட் கலையோடு கலந்துவிடும் இடர் உண்டு. புதிய பொருளுக்குப் புதிய ஒலி வேண்டும் என்று கருதியதற்கு இதுவும் ஒரு நியாயம் ஆகலாம்.

ஆயினும், குறை இல்லாமல் இல்லை. 'சுகரணம்' போன்ற ஆக்கங்கள் ஆங்கிலச் சொல்லைப் போலவே மாணவனுக்கு இருண்டவை. தமிழெழுத்தில் எழுதப்பெற்றும் தமிழ்க் காதிற்குப் பொருள் தாராதவை. ஒரு சொல்லைக் கற்க இன்னொரு சொல்லைக் கற்க வேண்டியிருந்தால், தாய்மொழிக் கல்வியின் பயனில் பாதி கழிந்துபோகின்றது. வழங்காமற்போன சொற்களுள் மிகுதியானவை இவ்வகையினவே. 'பிரசவம்' இன்றும் வழங்குகின்றது. 'சுகரணம்' அகராதியோடு நின்றுவிட்டது. கலைச்சொல்லை வாழவைப்பது இலக்கணத் தூய்மை மட்டுமன்று, ஊரார் நாவும் ஆகும் என்பது இதனால் பெறப்படும் உண்மை.

தமிழ் கதவா, வேலியா?

மானிப்பாய்ப் பாடத்தின்மீது எழுப்பத்தக்க கடுமையான வினா சொல்லாக்கம் பற்றியதன்று, நோக்கம் பற்றியது. ஆங்கிலத்தில் கற்றவன் ஊரைவிட்டுப் போய்விடுகின்றான். தமிழில் கற்றவன் ஊரிலேயே இருப்பான் என்பது கிறீனின் கணிப்பு. மாணவர் மேனாட்டு உடைக்கும் பழக்கவழக்கத்திற்கும் மாறுவதை அவர் விரும்பவில்லை. தமிழராகவே அவர்கள் இருக்க வேண்டுமென்றார். நோயாளியின் பக்கம் நின்று நோக்கினால் இக்கொள்கை உயர்ந்தது. மாணவனின் பக்கம் நின்று நோக்கினால்? அவன் வெளியேறும் உரிமையைப் பாடமொழியைக் கொண்டே சுருக்கியதாகாதா?

இவ்வினாவை மலேசியத் தமிழர் எளிதில் ஒதுக்கிவிட முடியாது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதி முதலாக யாழ்ப்பாணத்திலிருந்து மலாயாவுக்கு வந்து இருப்புப்பாதை, கணக்கு அலுவலகம், மருத்துவமனை ஆகியவற்றில் பணியேற்றோர் ஆங்கிலம் கற்றோரே. ஆங்கிலம் அவர்களுக்குக் கப்பலேறும் சீட்டாயிற்று. மானிப்பாயில் தமிழில் மருத்துவம் கற்றவனுக்கு அச்சீட்டு எளிதில் கிட்டியிராது. தோட்டங்களுக்கு வந்த தமிழகத் தொழிலாளரோ எந்தச் சீட்டும் இல்லாமல், உழைப்பை மட்டுமே கொண்டு வந்தவர். ஆகவே 'தாய்மொழியில் கற்பிப்போம்' என்று சொல்பவர், 'கற்றவனுக்கு எந்தக் கதவு திறக்கும்?' என்னும் வினாவிற்கும் விடை கூறக் கடமைப்பட்டவர். கிறீன் அதற்கு விடை கூறவில்லை. ஊரிலிருந்து தொண்டு செய்தலே போதிய பயன் என்று அவர் கருதினார். தம் கல்லறைக் கல்லில் தமிழர்க்கு மருத்துவ ஊழியர் என்று பொறிக்கப்பெற விரும்பிய சமயத் தொண்டர்க்கு அக்கருத்து இயல்பு. அதனையே ஒரு சமுதாயத்தின் கல்விக் கொள்கையாகக் கொள்ளுதல் இயலாது.

இலங்கை அரசு 1870இல் கொழும்பில் மருத்துவப் பள்ளியைத் தொடங்கியபோது இந்தக் குறை வெளிப்பட்டது. அங்கே பாடமொழி ஆங்கிலம். அரசுப் பணியும் அங்கீகாரமும் அதனோடு இணைந்திருந்தன. மானிப்பாயில் நூல் இருந்தது. தேர்ந்த ஆசிரியர் இருந்தார். கல்வியை வாழ்க்கையோடு பிணைக்கும் அதிகாரம் இல்லை. கிறீன் நீங்கிய பின்னர் அம்மருத்துவப் பள்ளி நெடுங்காலம் நிலைக்கவில்லை. அவர் பெயர் தாங்கிய மருத்துவமனை மானிப்பாயில் நிற்கின்றது. தமிழ் மருத்துவப் பாடம் நின்றுபோயிற்று.

நின்ற கடிகாரம்

மற்றொரு காரணமும் உண்டு. 'இரண வைத்தியம்' வெளிவந்த 1867ஆம் ஆண்டிலேதான் ஜோசப் லிஸ்டர் கார்பாலிக் அமிலத்தால் புண் அழுகாமல் காக்கும் முறையை உலகறியச் செய்தார். அறுவை மருத்துவத்தின் வரலாறு அங்கே திரும்பியது. 'மனுஷ சுகரணம்' வெளிவந்தது 1883இல். முந்திய ஆண்டில் இராபர்ட் காக் காசநோய்க் கிருமியைக் கண்டறிந்திருந்தார். அவ்வாண்டில் வாந்திபேதிக்குரிய கிருமியைத் தேடி எகிப்துக்கும் இந்தியாவுக்கும் புறப்பட்டார். யாழ்ப்பாணத்தில் ஊர் ஊராக உயிர் குடித்த அந்நோயின் காரணம் தெளிவாகிய வேளையில், தமிழ் மருத்துவ நூல்களை எழுதிய கை ஓய்ந்துகொண்டிருந்தது. கிருமிக் கொள்கையைத் தமிழ் மருத்துவ மாணவனுக்குக் கற்பிக்கும் அடுத்த பதிப்பு மானிப்பாயிலிருந்து வரவே இல்லை.

மருத்துவ நூல் காவியம் போன்றதன்று. ஒரு முறை செம்மையாக எழுதி வைத்தால் நூற்றாண்டுகள் நிற்பதன்று. பத்தாண்டிற்கு ஒரு முறையேனும் திருத்தப்படாத மருத்துவ நூல் நோயாளிக்குத் தீங்கு செய்யவும் கூடும். ஆகவே பாடத்தைப் புதுப்பித்தல் ஒரு நாள் விழாவன்று. நாள்தோறும் முள்ளைத் திருத்தவேண்டிய கடிகாரம். மானிப்பாய்க் கடிகாரத்தைச் செய்தவர் திறமையானவர். சாவி கொடுப்பவரை அவரால் ஏற்படுத்த முடியவில்லை. ஒருவரின் தவத்தால் எழுந்த கல்வி, ஒருவரோடு ஓய்ந்தது.

பிறர் வகுத்த வழிகள்

அரசின் துணையும் தொடர் முயற்சியும் இருந்தால் நாட்டு மொழியில் மருத்துவம் கற்பித்தல் இயலும் என்பதற்கு மலேசியாவிலேயே சான்றுண்டு. தேசிய மொழியைப் பாடமொழியாகக் கொண்டு 1970இல் எழுந்த மலேசியத் தேசியப் பல்கலைக்கழகம், 1972இல் தன் மருத்துவப் புலத்தை நிறுவியது. மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் 1979இல் தொடங்கிய மருத்துவப் பள்ளியில், துறை துறையாகப் பாடம் மனனம் செய்வதற்கு மாறாக, நோயாளியின் சிக்கலை முன்வைத்துக் கற்கும் முறை ஏற்கப்பட்டது. கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகம் 1969இல் தொடங்கிவைத்த அம்முறை, நூலிலிருந்து நோயாளிக்குப் போகாமல் நோயாளியிலிருந்து நூலுக்குப் போவது.

இந்தியாவிலும் 2019 முதல் நடைமுறைக்கு வந்த புதிய மருத்துவப் பாடத்திட்டம், மாணவன் என்ன படித்தான் என்பதோடு என்ன செய்ய வல்லவன் என்பதையும் அளக்க முற்பட்டது. நோயாளியோடு உரையாடுதல் அதில் கற்பிக்கவேண்டிய திறனாயிற்று. தொடக்கத்து அடித்தளப் பயிற்சியில் வட்டார மொழிக்கும் இடம் தரப்பட்டது. 2022இல் மத்தியப் பிரதேச அரசு மருத்துவப் பாடநூல்களை இந்தியில் வெளியிட்டபோது, கிறீனின் காலத்து வினாக்களே மீண்டும் எழுந்தன: இந்தச் சொற்கள் யாருக்கு விளங்கும்? கற்றவர் எங்கே பணியாற்றுவார்? அடுத்த பதிப்பை யார் எழுதுவார்?

இவற்றோடு ஒப்பிட்டு நோக்கும்போது மானிப்பாய்ப் பாடத்தில் இரண்டு கூறுகள் பிரிந்து தெரிகின்றன. ஒன்று, மருத்துவக் கல்வி முழுவதையும் தமிழில் தருதல். அதற்கு அரசும் அங்கீகாரமும் இடையறாத பதிப்பும் வேண்டும். அவை இல்லாதவிடத்து ஆர்வம் மட்டும் அதனைத் தாங்காது. மற்றொன்று, மருத்துவனுக்கும் நோயாளிக்கும் இடையே பொதுச்சொற்களை ஏற்படுத்துதல். அதற்கு அரசாணை தேவையில்லை. கிறீனின் வெற்றி இந்த இரண்டாவதிலேயே உள்ளது. பிற்காலத்தார் முதலாவதை நினைத்து ஏங்கினர். இரண்டாவதை எடுத்து வளர்க்க மறந்தனர்.

தமிழ்ப்பள்ளியின் பங்கு

இந்த இரண்டாவது பணி மருத்துவக் கல்லூரியில் தொடங்குவதன்று. தமிழ்ப்பள்ளியின் அறிவியல் வகுப்பில் தொடங்குவது. மலேசியத் தமிழ்ப்பள்ளிகளில் அறிவியலும் கணிதமும் 2003 முதல் ஆங்கிலத்தில் கற்பிக்கப்பட்டன. 2009இல் அக்கொள்கையைக் கைவிட முடிவு செய்யப்பட்டது. 2016இல் இருமொழிப் பாடத்திட்டம் வந்தபோது மீண்டும் சொற்போர் மூண்டது. அச்சொற்போரில் ஒரு சாரார் மொழியுரிமையைப் பேசினர். மற்றொரு சாரார் பிள்ளைகளின் எதிர்காலத்தைப் பேசினர். இரண்டும் பொருளுடையனவே. மானிப்பாயின் வரலாறு இவ்விரண்டையும் ஒருங்கே நோக்கச் சொல்கின்றது. கதவு திறக்காத தமிழ்க் கல்வி மாணவனை அடைத்து வைக்கும். தமிழை விட்டுத் திறந்த கதவு பாட்டியை வெளியே நிறுத்திவிடும்.

'நுரையீரல்', 'சிறுநீரகம்', 'செரிமானம்', 'தொற்று' ஆகிய சொற்களைத் தமிழில் பொருளறிந்து கற்ற சிறுவன், பின்னர் அவற்றையே மலாயிலும் ஆங்கிலத்திலும் கற்கும்போது எதனையும் இழப்பதில்லை. அச்சொற்களுக்கு அருகிலேயே வீட்டு வழக்கையும் அவன் கற்க வேண்டும். பாடநூலில் நீரிழிவு என்பது பாட்டியின் வாயில் 'இனிப்பு நீர்'. உயர் இரத்த அழுத்தம் என்பது 'ரத்தக் கொதிப்பு'. இவற்றைக் கொச்சை என்று ஒதுக்கும் ஆசிரியர், மாணவனுக்கும் அவன் வீட்டாருக்கும் இடையிலுள்ள பாலத்தைத் தம்மையறியாமலே அறுப்பவராவார். நோவைக் குறிக்கும் தமிழ்ச் சொற்களைத் திரட்டி, ஒவ்வொன்றும் எவ்வகைத் துன்பத்தைச் சுட்டுகின்றது என்று மாணவரைக் கொண்டு தம் வீட்டு முதியோரிடம் கேட்டு எழுதச் செய்யலாம். அது மொழிப் பயிற்சியுமாகும், அறிவியற் பயிற்சியுமாகும். அவ்வாறு பயின்ற சிறுவர் சிறுமியருள் சிலர் நாளை மருத்துவராகவும் தாதியராகவும் ஆவர். ஆகாதோரும் ஒரு நாள் தம் பாட்டியின் அருகில் நின்று மருத்துவருக்கு எடுத்துரைக்க வேண்டியவரே.

கிறீன் அயல்நாட்டார். தமிழைப் பிறந்த வீட்டில் பெறாமல், வந்த இடத்தில் முயன்று கற்றவர். அவரை அம்மொழிக்கு இழுத்தது இலக்கியச் சுவை மட்டுமன்று. தம்முன் அமர்ந்து நோவைச் சொல்லிய மனிதரை விளங்கிக்கொள்ள வேண்டிய தேவை. அத்தேவை செனாயின் சிகிச்சை அறையில் இன்றும் இருக்கின்றது. மூதாட்டி, "குத்தல் இல்லை, உளைச்சல்" என்று திருத்திச் சொல்லும்போது, அத்திருத்தம் மருத்துவரின் குறிப்பேட்டில் ஏறுகின்றதா என்பதே எந்தப் புதிய மருத்துவப் பாடத்திற்கும் வைக்கத்தக்க தேர்வாகும்.